கணக்குக் காட்டக் காப்புரிமை எதற்கு? குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவருடைய கல்லூரிச் சுற்றறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. கொண்டு வந்தவர் அங்கே பாடம் நடத்துகிறவர். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு ஆசிரியர் பெயரிலும் குறைந்தது ஒரு காப்புரிமை விண்ணப்பமாவது காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஊதிய உயர்வு நிறுத்தி வைக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. நான் காப்புரிமை வழக்கறிஞர் என்பதால் அதே வாரம் வேறொரு கல்லூரியிலிருந்து எனக்குப் போன். "சார், மார்ச்சுக்குள்ள பத்து பேடன்ட் வேணும். டாபிக்கும் நீங்களே போட்டுக் குடுத்திருங்க." முடியாது என்று சொன்னேன். "அப்படின்னா வேற ஆள் இருக்காங்க சார்" என்று வைத்துவிட்டார்கள். வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் தனியாக ஒருவரிடம் பேசி முடிக்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் இதே மாவட்டத்தில் இ.இ.இ., அதாவது மின் மற்றும் மின்னணுப் பொறியியல் படித்தவன். படிப்பு முடிந்ததும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் ஐந்து வருடம் பராமரிப்பு வேலை பார்த்தேன். நான் பார்த்தவை பெரும்பாலும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் வைத்த பழைய ரகக் காற்றாலைகள். ஓடும்போது அவை கிரிடிலிருந்து, அதாவது பொது மின் வலையமைப்பிலிருந்து, ரியாக்டிவ் பவரை இழுக்கும். காந்தப்புலத்தை உண்டாக்க மட்டும் வேண்டியிருக்கிற மின்திறன் அது. அதை ஈடுகட்ட கெப்பாசிட்டர்களைத் தேவைக்கேற்ப உள்ளே சேர்க்க வேண்டும், வெளியே எடுக்க வேண்டும். காற்று நிலையில்லாமல் அடிக்கிற நாளில் இது ஓயாமல் நடந்து கான்டாக்டர் என்ற சுவிட்சின் முனைகள் தீய்ந்துபோகும். எங்கள் இடத்தில் ஐ.டி.ஐ. முடித்த மூத்த டெக்னீசியன் ஒருவர் இருந்தார். கெப்பாசிட்டர் சேர்கிற வரிசையையும் இடைவெளியையும் மாற்றி, அதற்கென்று ஒரு சின்ன ரிலே சுற்றும் கட்டினார். முனை தீய்வது பாதிக்கு மேல் குறைந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து, வேறோர் இடத்துக்கு வந்திறங்கிய புதுப் பேனலுக்குள் அதே சுற்றைப் பார்த்தேன். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வையுங்கள் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. அந்த ஆளாக நாம் இருந்தால் என்ன என்று தோன்றியதால்தான் வேலையை விட்டுச் சட்டம் படித்தேன், காப்புரிமை முகவர் தேர்வு எழுதினேன், சென்னையில் சில வருடம் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்கே திரும்பி வந்தேன்.

திரும்பி வந்த இடத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடலோர ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். பெண் உங்களில் ஒருவரிடம் இ.இ.இ. படித்து அப்போதுதான் முடித்திருந்தாள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அவளுக்கு 13 வயது. போஸ்டுகள் சாய்ந்து, தோப்பு முழுக்கக் கம்பி கிடந்த அந்த நாட்களில், எதில் கரண்ட் இருக்கிறது எதில் இல்லை என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்ததை அவள் மறக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில், அறுந்து கிடந்த ஒரு கம்பியில் பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்துபோனார். தேங்காய் பொறுக்கப் போனவர்.

உங்கள் மின்பொறியியல் துறைத் தலைவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் வருகிற பேஸ் கம்பி அறுந்து காய்ந்த மணலிலோ ஓலை மேலோ விழுந்தால் மண்ணுக்குள் இறங்கும் கரண்ட் மிகக் குறைவு. டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ஃபியூஸ் அதற்குப் போகாது. கம்பி கரண்டோடு அப்படியே கிடக்கும். இதைத் தீர்க்க உலகத்தில் பலர் பல வழி செய்து பார்த்திருக்கிறார்கள். அறுந்தவுடன் ஸ்பிரிங் விடுபட்டு பேஸையும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியையும் ஒன்று சேர்த்து ஃபியூஸைப் போக வைக்கிற ஏற்பாடு அதில் ஒரு வழி. அந்தப் பெண் அப்படி ஒன்றைத் தன் ஊரில் செய்து வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆறே மாதத்தில் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. அப்புறம் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, கம்பியின் இழுவிசை தாங்கி நிற்கிற ஒரு எடையை மூடிய குழாய்க்குள் தொங்கவிட்டாள். இழுவிசை போனால் எடை தானாக இறங்கிப் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துவிடும். துருப்பிடித்து இறுக அதில் ஸ்பிரிங்கே இல்லை. எடை இறங்கும் வழியில் தொடுமுனைகளை அவள் அமைத்திருந்த விதத்தில் இன்னொரு சின்ன நுணுக்கம் இருந்தது. காற்றில் கம்பி ஆடும்போது வருகிற தற்காலிகத் தளர்ச்சிக்கு அது ஏமாறாது. நான் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், இவ்வளவு தெளிவான ஒன்று என் மேசைக்கு வருவது அபூர்வம்.

"இதை யாருக்காவது காட்டினியா?" என்று கேட்டேன். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரிப் புராஜெக்ட் கண்காட்சியில் வைத்தாளாம். முதல் பரிசு. கல்லூரியே படம் பிடித்து யூடியூபில் ஏற்றியிருக்கிறது. போனில் திறந்து காட்டினாள். பதினோரு நிமிடம். எடை எத்தனை கிலோ, தொடுமுனை எந்த உலோகம், இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் அவள் வாயாலேயே விளக்கியிருக்கிறாள். ஏற்றி 15 மாதம் ஆகியிருந்தது.

காப்புரிமைச் சட்டம் 1970 கேட்கிற முதல் தகுதி புதுமை. விண்ணப்பிக்கிற நாளுக்கு முன்பு அது வெளியே தெரிந்திருக்கக் கூடாது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் கணக்கு அதுதான். பிரிவு 31இல் ஒரு 12 மாதச் சலுகை இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கும், அறிஞர் அமைப்புகளில் கண்டுபிடித்தவர் வாசிக்கும் கட்டுரை போன்ற சிலவற்றுக்கும் மட்டும்தான். உங்கள் கல்லூரி அரங்கில் பந்தல் போட்டு நடத்துகிற கண்காட்சிக்கு அது கிடையாது. யூடியூபுக்குக் கிடையவே கிடையாது. இனி இதில் ஏதாவது புதிதாகச் சேர்த்தால் அந்தச் சேர்ப்புக்கு மட்டும் முயலலாம், அடிப்படைக் கருத்து கைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னேன். அப்பா அதுவரைக்கும் பேசாமல் இருந்தார்.

"சாரே, எனக்க மவ ராப்பகலா இருந்து உண்டாக்கினது. இனி அத ஆரு வேணும்னாலும் செய்யலாமா?"

"செய்யலாம்" என்றேன்.

"அப்போ காலேஜ்ல பரிசு குடுத்தாங்களே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்டுபிடிப்பை ஊருக்கே கொடுத்துவிடுவது தவறில்லை. ஜெகதீச சந்திர போஸ் தன் கருவிகளைப் பூட்டி வைக்க விரும்பாதவர். மின்னலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1904இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததுகூட நண்பர்கள் வற்புறுத்தியதால்தான். அந்தப் பெண்ணும் ஒருவேளை, 'அந்தப் பாட்டி மாதிரி இனி யாரும் சாகக்கூடாது, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும்' என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் போஸுக்குத் தான் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தது. இவளிடம் யாரும் கேட்கவே இல்லை. இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளைத் தட்டிக்கொடுத்து, படம் பிடித்து, அட்மிஷன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினீர்கள்.

அவர்கள் போன பிறகு அதே கல்லூரியின் பெயரைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. அந்தக் கல்வியாண்டில் மட்டும் 20க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் இருந்தன. அவளுடையது இல்லை.

இருந்தவை எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். செயற்கை நுண்ணறிவு, ஐ.ஓ.டி. (பொருள்களை இணையத்தோடு இணைப்பது), ஸ்மார்ட் என்ற மூன்று சொற்களை எந்தப் பயிரின், எந்த நோயின், எந்த வாகனத்தின் முன்னால் போட்டாலும் ஒரு தலைப்பு ஆகிவிடுகிறது. உள்ளே நான்கு பக்கம். ஒரு கட்டப் படம். சென்சார் ஒரு கட்டத்தில், கிளவுட் ஒரு கட்டத்தில், கைப்பேசி ஒரு கட்டத்தில். தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று பிரிவு 3(எஃப்) சொல்கிறது. வெறும் கணினி நிரலும் அல்காரிதமும் ஆகாது என்று 3(கே) சொல்கிறது. காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் கைக்குப் போனால் இவற்றில் பெரும்பாலானவை முதல் அறிக்கையிலேயே விழுந்துவிடும். ஆனால் இவை ஆய்வுக்குப் போவதே இல்லை. 2,500 ரூபாய் கூடுதலாகக் கட்டி முன்கூட்டியே வெளியிடச் சொல்கிறீர்கள். சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாக வேண்டியது, கட்டினால் சுமார் ஒரு மாதத்திலேயே இதழில் வந்துவிடும். வந்ததும் எண்ணிக்கையில் ஒன்று கூடியாயிற்று. ஆய்வுக் கோரிக்கை கொடுத்தால்தான் அது காப்புரிமை ஆகும் வழியில் நகரும். அதற்கான காலக்கெடு 48 மாதமாக இருந்தது, 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்தில் 31 மாதமாகக் குறைந்திருக்கிறது. அதற்குள் கேட்காவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுடைய பலவும் இப்படித்தான் முடிகின்றன. மாலை போட்டுக் கொண்டாடி, கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்த 'காப்புரிமை' ஒரு நாள்கூடக் காப்புரிமையாக இருந்ததில்லை.

இதில் இன்னும் பெரிய கேடு ஒன்று உண்டு. அந்த 20இல் ஒன்றிரண்டு உண்மையான சரக்காகவும் இருந்துவிடும். அதையும் அவசரமாக வெளியிட்டு, ஆய்வுக்குக் கொண்டுபோகாமல் விட்டால், முழு விவரத்தையும் உலகத்துக்குச் சொல்லியாயிற்று, உரிமை எதுவும் கைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அந்த மாணவனே தன் பெயரில் அதற்கு விண்ணப்பிக்க வந்தால், அவனுக்குக் குறுக்கே முதலில் நிற்பது உங்கள் பழைய விண்ணப்பம்தான்.

அப்புறம் பெயர்கள். ஒரே மாதத்தில் வெளியான மூன்று விண்ணப்பங்களைப் பார்த்தேன். ஒன்று கான்கிரீட் பற்றியது, ஒன்று சர்க்கரை நோயாளிகளின் உணவு பற்றியது, ஒன்று சூரிய மின் தகடு பற்றியது. மூன்றிலும் கண்டுபிடித்தவர் பட்டியலில் முதல் பெயர் ஒரே நிர்வாகியுடையது. வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பெயர் இடங்கள் விலைக்கு வருகின்றன. முதல் இடத்துக்கு ஒரு விலை, ஐந்தாவது இடத்துக்கு அதைவிடக் குறைவு. "பேடன்ட் கியாரன்டி, 15 நாளில் பப்ளிகேஷன்" என்று ஆசிரியர்கள் எனக்கு அனுப்பிய விளம்பரங்களை வைத்திருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் 'உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' என்று கையெழுத்துப் போடுவது அரசுக்கு முன் செய்கிற அறிவிப்பு. உரிமை இல்லாதவர் விண்ணப்பித்துப் பெற்றதும், பொய்யான தகவலால் பெற்றதும் பிரிவு 64இன் கீழ் ரத்தாகக் கூடியவை. பதிவு பெறாதவர் காப்புரிமை முகவராகத் தொழில் செய்வதற்கும் சட்டத்தில் தண்டம் உண்டு. அந்த விளம்பரக்காரர்களில் எத்தனை பேரிடம் பதிவு எண் கேட்டீர்கள்?

வடிவமைப்புப் பதிவைக் காட்டி "பேடன்ட் வாங்கிவிட்டோம்" என்று சொல்வதும் நடக்கிறது. வடிவமைப்புச் சட்டம் 2000 காப்பது ஒரு பொருளின் தோற்றத்தை. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதில் பாதுகாப்பு இல்லை. இப்போது பிரிட்டனில் பதிவு செய்து சான்றிதழ் வாங்குவது வழக்கமாகியிருக்கிறது. அங்கே வடிவமைப்பைப் பதிவு செய்யும்போது அது புதியதா என்று அந்த அலுவலகம் தேடிப் பார்ப்பதில்லை, அதனால் சீக்கிரம் வந்துவிடுகிறது. அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டி, பெற்றோர்களிடம் சர்வதேசக் காப்புரிமை என்று சொல்கிறீர்கள். நம் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்ட ஊர் இது. சான்றிதழ் என்றால் நம்புகிற ஜனங்கள். அந்த நம்பிக்கையை இப்படிச் செலவழிக்காதீர்கள்.

சுற்றறிக்கையைக் கொண்டுவந்த ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஏற்கெனவே ஒரு விண்ணப்பத்தில் ஐந்தாவது பெயராகச் சேர்ந்திருக்கிறார். கைக்காசு போட்டுத்தான். தலைப்பு செயற்கை நுண்ணறிவால் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கோரியிருக்கிறார்கள் என்று எழுதும் பகுதி, என்ன என்று கேட்டேன். படித்ததில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது, பேச்சை மாற்ற அவருடைய ஆராய்ச்சி என்ன என்று கேட்டேன். கடலோர மின் பாதைகளின் இன்சுலேட்டர்களில் உப்புப் படிவது பற்றி. அதைச் சொல்ல ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டார். படிந்த உப்பு காய்ந்திருக்கும்போது சும்மா இருக்கும், விடியற்காலைப் பனி பட்டதும் அதன் வழியாகக் கரண்ட் கசியும், கசிவு முற்றினால் மேற்பரப்பிலேயே பொறி பாய்ந்து லைன் டிரிப் ஆகும் என்று பேனாவை எடுத்து வரைந்தே காட்டினார். நம் கரையில் எந்த மாதத்தில் எவ்வளவு படிகிறது என்று வருடக்கணக்கில் அளந்து வைத்திருக்கிறார். அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது, அந்தப் பெண் படித்ததும் இதே கல்லூரியில்தான். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்பிரிங்கோடு அவள் ஆறு மாதம் போராடிக்கொண்டிருந்தபோது, உப்பைப் பற்றி இந்த மாவட்டத்தில் நன்றாகத் தெரிந்த ஒருவர் இரண்டு மாடி மேலே உட்கார்ந்திருந்தார். இருவரையும் சேர்த்து வைக்க யாருக்கும் நேரமில்லை. அவரை நெல்லுக்கு அனுப்பிவிட்டீர்கள், அவளை மேடைக்கு.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். தரவரிசைக்கும் தர மதிப்பீட்டுக்கும் வெளியான விண்ணப்பமும் கணக்கில் வருகிறது, பக்கத்து மாவட்டக் கல்லூரி நூறு காட்டும்போது நாங்கள் மூன்று காட்டினால் அட்மிஷன் விழும் என்பீர்கள். அந்த நெருக்கடி உண்மை. எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கிறவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன, அதைத் தனியாகக் கேட்பேன். ஆனால் ஊதிய உயர்வை நிறுத்துவேன் என்று எழுதிய சுற்றறிக்கையில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. வாங்கிய சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் போக மிச்சமிருப்பதை எடுத்து, தனக்குத் தெரியாத ஒரு கண்டுபிடிப்பில் பெயர் வாங்கச் சொன்னது நீங்கள். மாணவர்களுக்கு நேர்மை பற்றி வகுப்பெடுக்கிற ஒருவரை இப்படி நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

செலவு ஒரு காரணம் என்று சொல்லவே முடியாது. 2021 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்கும் தனிநபருக்கான குறைந்த கட்டணம்தான். இணையவழியில் விண்ணப்பிக்க, 30 பக்கமும் 10 கிளெய்மும் வரை, 1,600 ரூபாய். ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை காப்புரிமையை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக்கு 800. சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு இங்கிருந்து ரயிலேற வேண்டியதும் இல்லை, விசாரணைகூடக் காணொளியில் நடக்கிறது. ஒரு ஃபிளெக்ஸ் போர்டுக்கு ஆகிற காசில் ஒரு பிள்ளையின் உழைப்பைக் காப்பாற்றியிருக்கலாம்.

இனி நான் உங்களிடம் கேட்பவை.

முதலில், அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எழுத்தில் இல்லாமல் வாய்மொழியாக அதே நிபந்தனையை வைத்திருப்பவர்களும் அதை விடுங்கள். காப்புரிமைக்கும் ஆசிரியரின் ஊதிய உயர்வுக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதி எல்லாத் துறைக்கும் அனுப்புங்கள். இதுவரை பெயர் சேர்க்கக் கைக்காசு கட்ட வைத்த ஆசிரியர்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வருகிற மார்ச்சில் கண்காட்சிகள் தொடங்குவதற்கு முன், மேடையேறப்போகிற ஒவ்வொரு புராஜெக்ட்டையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏதாவது புதிதாகத் தெரிந்தால் கண்காட்சிக்கு முந்தின நாளுக்குள் ஒரு தற்காலிக விவரக்குறிப்பு, எல்லோரும் சொல்கிற 'ப்ரொவிஷனல்', தாக்கல் செய்யுங்கள். அதற்கு அதே 1,600 ரூபாய்தான். விண்ணப்பித்த தேதி கைக்கு வந்துவிடும், முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் இருக்கிறது. அதுவரை ஆறுதலாக யோசிக்கலாம், தேவையில்லை என்று தோன்றினால் விட்டுவிடலாம். தாக்கல் செய்த பிறகு மேடையில் விளக்கட்டும், யூடியூபில் ஏற்றுங்கள், பரிசும் கொடுங்கள். தாக்கல் செய்வதற்கு முன் படம் பிடிக்காதீர்கள். அதற்கு முன்பே வெளி நிபுணர் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தால், ரகசியம் காப்பேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மாணவரிடம் கேளுங்கள். காக்க வேண்டுமா, எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டுமா என்று அவர் சொல்லட்டும்.

மூன்றாவது, மாணவர்களிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். மாணவர் உங்கள் ஊழியர் இல்லை. அவருடைய கண்டுபிடிப்பு அவருடையது. கல்லூரி விண்ணப்பதாரராக இருக்க வேண்டும் என்றால் எழுத்து மூலம் உரிமை மாற்றம் வேண்டும், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும், அதைப் பெற்றோருக்குப் புரிகிற தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கண்டுபிடிப்பில் கை வைக்காத யாருடைய பெயரும், அது தாளாளராக இருந்தாலும் துறைத் தலைவராக இருந்தாலும், பட்டியலில் வரக்கூடாது.

நான்காவது, ஏற்கெனவே வெளியாகி ஆய்வுக் கோரிக்கை கொடுக்காமல் கிடக்கிற உங்கள் விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். காலக்கெடு தாண்டாதவற்றில் உண்மையான சரக்கு எது என்று துறை ஆசிரியர்களை வைத்துப் பிரித்து, அவற்றுக்கு 4,000 ரூபாய் கட்டுங்கள். மற்றவற்றை உங்கள் இணையதளத்திலும் அட்மிஷன் புத்தகத்திலும் காப்புரிமை என்று போடாதீர்கள். விண்ணப்பித்தவை எத்தனை, ஆய்வுக்குப் போனவை எத்தனை, கிடைத்தவை எத்தனை, அவற்றில் யாராவது எடுத்துப் பயன்படுத்துவது எத்தனை என்று நான்கு எண்களையும் தனித்தனியாகப் போடுங்கள். வடிவமைப்புப் பதிவை வடிவமைப்புப் பதிவு என்றே எழுதுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று, இது கேட்பதைவிட ஆசைப்படுவது. ஆசிரியர்களைத் தங்களுக்குத் தெரிந்த இடத்தில் விடுங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் காய வைக்கிறவர்கள் ஈர விறகோடு படுகிற பாடு, மழை மாதங்களில் பால் வெட்ட முடியாமல் கிடக்கிற மரங்கள், தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற படகுகளின் பேட்டரியும் ஒயரிங்கும் உப்பில் அரிப்பது, எல்லாம் உங்கள் வாசலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தீர்க்க ஒரு ஆசிரியருக்கும் நான்கு மாணவர்களுக்கும் மூன்று வருடம் கொடுங்கள். அந்த மூன்று வருடத்தில் அவர்களிடம் எண்ணிக்கை கேட்காதீர்கள்.

மார்ச்சுக்கு முன்பு வருகிற எல்லாச் சனிக்கிழமைகளையும் இதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறேன். கட்டணம் வேண்டாம், பொன்னாடையும் மேடையும் வேண்டாம். புராஜெக்ட் செய்கிற மாணவர்களும் அவர்களின் ஆசிரியர்களும் நோட்டோடு வந்தால் போதும். எது புதிது, எதை எப்படித் தேட வேண்டும், ப்ரொவிஷனலை எப்படி எழுத வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். உப்பை அளந்த அந்த ஆசிரியரும் எடையைத் தொங்கவிட்ட அந்தப் பெண்ணும் போன வாரம் என் மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறார்கள். புதிதாக ஏதோ ஒன்று வரும் போலிருக்கிறது. இந்த முறை அது எந்த மேடைக்கும் போவதற்கு முன் தாக்கல் ஆகும்.

சுற்றறிக்கை பற்றிய உங்கள் பதிலை இந்த மாதக் கடைசிக்குள் எதிர்பார்க்கிறேன். எனக்கு எழுத வேண்டாம். உங்கள் ஆசிரியர்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் இ.இ.இ. படித்த ஒரு காப்புரிமை வழக்கறிஞர்,
நாகர்கோவில்.